சுடுகாட்டு மல்லிக்கு ஒரு வக்காலத்து

வீட்டு வாசல்ல பூச்செடி வைக்கணும்னு கிளம்புற எல்லாரும் முதல்ல கேக்கிறது, "எது அழகா இருக்கும்?" அடுத்தது, "எது சீக்கிரம் பூக்கும்?" காட்டுப்பள்ளி மாதிரி ஊர்ல இந்த ரெண்டையும் கொஞ்சம் தள்ளி வெச்சுட்டு, வேற ஒண்ணைத்தான் முதல்ல கேக்கணும்ங்கிறது என் கட்சி. "இதுக்கு யாரு தண்ணி தூக்கப் போறாங்க?"

காட்டுப்பள்ளி எங்கேன்னு தெரியாதவங்களுக்கு: எண்ணூர் முகத்துவாரத்துக்கு வடக்கே, பழவேற்காட்டுக்குத் தெற்கே. கிழக்கே வங்கக்கடல், மேற்கே உப்பங்கழியும் பக்கிங்ஹாம் கால்வாயும். நடுவுல நீளமா ஒரு மணல் திட்டு, அதுல வரிசையா மீனவர் குப்பங்கள். வடக்கே போகப் போக பழவேற்காடு ஏரி. ஒடிசாவோட சிலிக்காவுக்கு அடுத்தபடி இந்தியாவுல பெரிய உவர்நீர் ஏரி அதுதான். பேப்பர்ல காட்டுப்பள்ளின்னு வந்தா பெரும்பாலும் துறைமுகம் பத்தித்தான் வரும். பூச்செடி பத்தி வந்து நான் பார்த்ததில்ல. அந்தக் குறையை நாமளே தீர்த்து வெப்போம் :-)

நான் இருக்கிறது மீஞ்சூர். அக்காவைக் கொடுத்திருக்கிறது இந்தத் திட்டுல இருக்கிற ஒரு குப்பத்துல. மாமா தொழிலுக்குப் போறவர். மாசத்துக்கு ரெண்டு தடவையாவது அங்க போயிடுவேன். மீன் குழம்பு ஒரு காரணம், அக்கா வீட்டு வாசல்ல இருக்கிற நாலு முழப் பாத்தி இன்னொரு காரணம்.

இந்த ஊர்ல தண்ணி சமாச்சாரத்தைப் புரிஞ்சுக்காம செடியைப் பத்திப் பேசிப் பிரயோஜனம் இல்ல. அதனால கொஞ்சம் பொறுத்துக்கோங்க. கடலோர மணல்ல மழை பெஞ்சா அந்தத் தண்ணி உள்ள இறங்கி, ஏற்கெனவே அடியில இருக்கிற உப்புத் தண்ணி மேல மிதக்கும். நல்ல தண்ணி லேசு, உப்புத் தண்ணி கனம், அவ்வளவுதான் கணக்கு. கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நின்னா, கீழ ஏறக்குறைய 40 அடி வரைக்கும் நல்ல தண்ணி நிக்கும்னு நிலத்தடி நீர் படிச்சவங்க சொல்ற ஒரு வாய்ப்பாடு இருக்கு. மேல ஒரு அடி இறங்கினா கீழ 40 அடி போச்சுன்னும் அதையே திருப்பிப் படிக்கலாம். அதனாலதான் கடலோரத்துப் பெருசுங்க ஆழமாத் தோண்ட மாட்டாங்க. மணல்ல இடுப்பளவு ஊத்து தோண்டி, ஊற ஊற மொண்டுக்குவாங்க. மோட்டார் போட்டு ஆழத்துலேர்ந்து உறிஞ்சினா உப்பு மேல ஏறிடும், அப்புறம் லேசுல இறங்காது. இது குப்பத்துக் கதை மட்டும் இல்ல. மீஞ்சூர் பக்கத்து நிலத்தடியில கடல் தண்ணி ஏறுறது 1960களோட கடைசியிலேயே தெரிஞ்சு போச்சு. பட்டணத்துக்கும் தொழிற்சாலைக்கும் விவசாயத்துக்கும்னு மூணு பக்கமும் உறிஞ்சினா வேற என்ன ஆகும்?

இதே காட்டுப்பள்ளியிலதான் கடல் தண்ணியைக் குடிதண்ணியாக்குற ஆலையும் இருக்கு. 2010 ஜூலையில திறந்தாங்க, நாளைக்கு 10 கோடி லிட்டர் எடுக்கிற மாதிரி கட்டினது. அது சென்னைக்குப் போறதுக்காகக் கட்டினது. அக்கா தெருவுல இன்னிக்கும் வாசல்ல கலர் கலரா பிளாஸ்டிக் குடம் வரிசையா நிக்குது.

இப்படிப்பட்ட வாசல்ல ஒட்டு ரோஜா வெச்சா என்ன அர்த்தம்? ரோஜா உப்பு தாங்காத ஜாதி. ஊத்துத் தண்ணி கொஞ்சம் கரிச்சாலே இலை நுனி கருகும், அப்புறம் ஓரம் கருகும், அப்புறம் கொழுந்தே வராது. அப்போ நல்ல தண்ணி ஊத்தணும். அது குடத்துல வர்ற தண்ணி. குடத்தைத் தூக்குறது யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. ஒரு பூவுக்காக ஒரு பொம்பளை நாளைக்கு ஒரு நடை கூட நடக்கணும்னா அந்தப் பூ எவ்வளவு அழகா இருந்தாலும் எனக்கு வேணாம்.

இது சும்மா வாய்ப்பேச்சு இல்லீங்க. சில வருஷம் முன்னாடி அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒண்ணுல, புண்ணியம் கட்டிக்க வந்த ஒரு அமைப்பு (பேர் வேணாம்) வாசல் முழுக்கப் புல்தரை, ஓரத்துல ரோஜா, நடுவுல மேரிகோல்டுன்னு ஜம்முன்னு ஒரு தோட்டம் போட்டுக் கொடுத்தாங்க. ரிப்பன் வெட்டி போட்டோ எடுத்தாங்க. கோடை விடுமுறை முடிஞ்சு பள்ளி திறந்தப்போ புல்தரை இருந்த இடத்துல வெறும் மணல், ரோஜா இருந்த இடத்துல குச்சி. இடைப்பட்ட ரெண்டு மாசம் பங்குனி வெயில்ல பாதி வரைக்கும் பசங்கதான் பக்கெட்ல தண்ணி ஊத்தினாங்களாம். அக்கா பையன் சொன்னான், "மாமா, நாங்க குடிக்க வெச்சிருந்த தண்ணியில மிச்சம் எடுத்து ஊத்துவோம்." போட்டோ எடுத்தவங்க அதுக்கப்புறம் வரல. அந்தப் பள்ளிக்கூட வேலி ஓரமா யாரும் வைக்காம, யாரும் ஊத்தாம, ரோஸ் கலர்ல பூத்துக் குலுங்குன செடி ஒண்ணு இருந்துச்சு. தோட்டம் போட வந்தவங்க முதல் நாள் வேலையா அதைத்தான் களைன்னு பிடுங்கிப் போட்டாங்க. வேர் மிச்சம் இருந்ததோ விதை கொட்டிக் கிடந்ததோ, ஜூன்ல மறுபடி முளைச்சு நின்னுது.

அதுதான் நித்தியகல்யாணி. அதாவது சுடுகாட்டு மல்லி. அதாவது கல்லறைப்பூ.

அந்தச் செடியில ரெண்டு கன்னு கொண்டு வந்து அக்கா வாசல்ல வெச்சேன். அத்தை (அக்காவோட மாமியார்) பார்த்த பார்வை இருக்கே! "இன்னாடா தம்பி, சுடுகாட்டாண்ட கீற பூவ வூட்டு வாசல்ல வெக்கிற? நல்ல நாளும் அதுவுமா..." அத்தை சொன்னதுல கோவம் ஒண்ணும் இல்ல, பயம்தான். மவன் கடலுக்குப் போற வீடு. அங்க சகுனம்ங்கிறது எங்க மீஞ்சூர் மாதிரி விளையாட்டுப் பேச்சு இல்ல. அதை நான் கிண்டல் பண்ண மாட்டேன். ஆனா அத்தைகிட்ட ஒரு கேள்வி கேட்டேன்: "ஏன் அத்தை, இது ஏன் சுடுகாட்டுல மட்டும் அவ்ளோ நல்லா வளருது?" கொஞ்சம் யோசிச்சுட்டு அத்தையே சொன்னாங்க, "அங்க யாரு தண்ணி ஊத்துறா? இதுதான் ஊத்தாம வரும். ஆடும் வாய் வெக்காது."

அவ்வளவுதாங்க. ஒரு செடிக்கு இதைவிட நல்ல நற்சான்றிதழ் யாரால கொடுக்க முடியும்? யாரும் கவனிக்காத இடத்துலயும் பூக்கிறதால அதுக்கு அந்தக் கெட்ட பேர். ஒரே செடிக்கு நித்தியகல்யாணின்னும் பேர் வெச்சு, சுடுகாட்டு மல்லின்னும் பேர் வெச்சது நம்ம ஜனம்தான். ரெண்டு பேரும் சொல்றது ஒரே விஷயத்தை: வருஷம் முழுக்கப் பூக்கும். நல்ல நாள்ல அதைப் பார்த்தவன் கல்யாணின்னான், கெட்ட நாள்ல பார்த்தவன் சுடுகாடுன்னான்.

கொசுறா ஒரு தகவல். இந்தச் செடியோட பூர்வீகம் மடகாஸ்கர் தீவு. ஜமைக்காவுல இதோட இலையைக் காய்ச்சி சர்க்கரை வியாதிக்குக் குடிக்கிறாங்கன்னு கேள்விப்பட்டு, 1950கள்ல கனடாவுல ராபர்ட் நோபில், சார்லஸ் பீர்னு ரெண்டு விஞ்ஞானிகள் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தாங்க. சர்க்கரை இறங்கல. வெள்ளை அணுக்கள் இறங்குச்சு. அங்கதான் பொறி தட்டுச்சு. 1958ல வின்பிளாஸ்டின். அதைத் தொடர்ந்து அமெரிக்காவுல ஒரு மருந்துக் கம்பெனி அதே செடியிலேர்ந்து வின்கிரிஸ்டின் எடுத்தது. குழந்தைகளுக்கு வர்ற ரத்தப் புற்றுநோய்க்கு இன்னிக்கும் கொடுக்கிற மருந்து அது. அத்தைகிட்ட இதைச் சொன்னப்போ, "அப்போ உசுர எடுக்கிற பூ இல்ல, குடுக்கிற பூவு"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டாங்க. (அதுக்காக யாரும் இலையைப் பறிச்சுக் கஷாயம் போட்டுடாதீங்க. அந்த எலிக்கு ஆனதுதான் உங்களுக்கும் ஆகும்.)

வளர்க்கிற முறைன்னு பெருசா ஒண்ணும் இல்ல. தண்ணி தேங்கினா மட்டும் வேர் அழுகும். மணல்ல எங்க தேங்கப் போகுது? வருஷத்துக்கு ஒரு தடவை, மழைக்கு முன்னாடி, முழங்கால் உயரத்துக்குக் கீழ வெட்டி விட்டா குத்துச்செடியா அடர்ந்து வரும். விடாம விட்டா நெட்டுன்னு போய் அடி மொட்டையா நிக்கும், அப்போதான் சுடுகாட்டுக் களை வரும் அதுக்கு. மூணு நாலு வருஷத்துல தாய்ச்செடி களைச்சுப் போகும். அதுக்குள்ள கீழ விதை விழுந்து பத்து கன்னு ரெடி.

இப்போ என் ஆட்டுச் சோதனைக்கு வர்றேன். இந்தக் குப்பங்கள்ல ஆடு மாடு எல்லாம் காலாறச் சுத்தும். வேலி போட்டு, கேட் போட்டு, தோட்டம்னு பிரிச்சு வெக்கிற வசதி எல்லா வாசலுக்கும் கிடையாது. ஆகவே ஒரு செடி இங்க நிலைக்கணும்னா உப்புக்காத்து தாங்கணும், மணல் தாங்கணும், அதைவிட முக்கியமா ஆட்டோட நாக்குக்குப் பிடிக்காம இருக்கணும். இந்த மூணையும் தாண்டி நிக்கிற செடி எதுன்னு தெரு முழுக்க நடந்து பார்த்தீங்கன்னா ஒரு வேடிக்கை தெரியும். நின்னுட்டிருக்கிறது அத்தனையும் பேர் கெட்டதுங்க! சுடுகாட்டு மல்லி ஆச்சா. அடுத்தது அரளி, விஷம். எருக்கு, "எருக்கு முளைக்க"ன்னு சாபமே இருக்கு. அப்புறம் சங்கங்குப்பி, அதோட கிராமத்துப் பேர் பீநாறிச் சங்கு (சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க மன்னிக்கணும்).

காரணம் ரொம்ப எளிசு. தண்ணி இல்லாத இடத்துல ஒரு இலையை உண்டாக்குறது செடிக்குப் பெரிய செலவு. அந்த இலையை ஆடு மேஞ்சுட்டுப் போனா திவால். அதனால இலைக்குள்ள கசப்பு, பால், விஷம், நாத்தம்னு எதையாவது வெச்சுக் காப்பாத்திக்கும். நமக்கு அது பிடிக்காது, கெட்ட பேர் வெச்சுடுவோம். நமக்குப் பிடிச்ச வாசனையும் மெத்து மெத்துன்னு இருக்கிற கொழுந்தும் வெச்சிருக்கிற செடிக்கு நாம காவல் இருக்கணும், தண்ணி ஊத்தணும். பண்ணையார் வீட்டுப் பிள்ளை மாதிரி.

அரளியைப் பத்திக் கொஞ்சம் விரிவாவே சொல்லணும், ஏன்னா இதுல ரெண்டு பக்கமும் இருக்கு. அரளி இலையைத் திருப்பிப் பாருங்க. தோல் மாதிரி தடிமனா இருக்கும். அடிப்பக்கம் சின்னச் சின்னக் குழியா இருக்கும், குழிக்குள்ள பூனை மயிர் மாதிரி மூடியிருக்கும், அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கு செடியோட மூச்சுத் துளை. உப்புக்காத்து அடிச்சாலும் உள்ள இருக்கிற ஈரம் அவ்வளவு சீக்கிரம் போகாது. தேசிய நெடுஞ்சாலை நடுவுல ஏன் மைல் கணக்குல அரளி வெச்சிருக்காங்கன்னு இப்போ புரியும். புகை தாங்கும், மாடு மேயாது, எதிர்ல வர்ற லாரி ஹெட்லைட்டை மறைக்கும், வாரத்துக்கு ஒரு டேங்கர் தண்ணி போதும். காட்டுப்பள்ளிக்கு இன்னொரு வசதியும் உண்டு. சுத்து வட்டாரத்துல அனல்மின் நிலையங்கள் இருக்கு, இலை மேல தூசி படியுற ஊர். வழவழ இலைச் செடின்னா ஒரு மழையில கழுவிடும். சொரசொர இலைன்னா அந்தத் தூசி அப்பிக்கிட்டே இருக்கும்.

இன்னொரு பக்கம்: அரளியில வேர்லேர்ந்து பூ வரைக்கும் விஷம். இதயத்துடிப்பைத் தடுமாற வைக்கிற சமாச்சாரம். 2024 மே மாசம் கேரளாவுல திருவிதாங்கூர் தேவசம் போர்டும் மலபார் தேவசம் போர்டும் நைவேத்தியத்துலயும் பிரசாதத்துலயும் அரளிப்பூ சேர்க்கிறதை நிறுத்திட்டாங்க. கோயில் பூவாச்சே, ஒண்ணும் ஆகாதுன்னு நினைக்கிறவங்களுக்காகச் சொல்றேன். எனவே தவழுற குழந்தை இருக்கிற வீட்டு வாசல்ல அரளி வேண்டவே வேண்டாம். அக்கா வீட்டுல கடைசிப் பொண்ணுக்கு ரெண்டு வயசு ஆகுது. அங்க அரளி தெருக்கோடியில, வலை காயப்போடுற இடத்துக்குப் பின்னாடிதான் இருக்கு. மஞ்சள் அரளி அதைவிட மோசம், அதோட காய் பசங்க கைக்கு விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். அதை நான் யாருக்குமே சொல்ல மாட்டேன், எவ்வளவு தாங்கினாலும் சரி.

அந்த இடத்துக்கு காகிதப்பூ வைங்க. போகன்வில்லா. "வாசனையே இல்லியே"ன்னு ஒரு புகார் வரும். சரி, இல்லதான். ஆனா கடல்காத்து அடிக்கிற ஊர்ல வாசனை வந்தாலும் நம்ம மூக்குக்கு எட்டுறதுக்குள்ள மீஞ்சூர் போய்ச் சேர்ந்துடும். காகிதப்பூவுல நாம பூன்னு நினைக்கிற கலர் எல்லாம் இலைதான். உள்ள குட்டியா வெள்ளையா ஒண்ணு இருக்கு பாருங்க, அதுதான் பூ. இதுல ஒரு சூட்சுமம் உண்டு. தண்ணி ஊத்த ஊத்த இலையாத் தள்ளும். காயப்போட்டாத்தான் பூக்கும். தண்ணிப் பஞ்சம் இருக்கிற ஊருக்கு இதைவிடப் பொருத்தமான மாப்பிள்ளை உண்டா? புதுக் கொம்புலதான் பூ வரும், அதனால ஒரு சுற்று பூத்து முடிஞ்சதும் தயங்காம வெட்டி விடணும். முள்ளு இருக்கிறதால வெட்டின கொம்பை நடைபாதையில போடாதீங்க, வெறுங்காலோட நடக்கிற ஊரு அது.

சங்கங்குப்பிக்கு இதெல்லாம் கூடத் தேவையில்ல. உப்பங்கழி ஓரத்துல, அலையாத்திக்குப் பக்கத்துலயே தானா வளர்றது. வேலிக்கு அதைவிட ஒரு குத்துச்செடி இல்ல. வெள்ளைப்பூ, வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிற செவந்த மகரந்தக் காம்பு, சாயங்காலத்துல பார்த்தா அவ்வளவு லட்சணம். இலையைக் கசக்கினாத்தான் நாத்தம். ஏன் கசக்குறீங்க?

எருக்கைப் பாத்தியில வைக்கச் சொல்ல மாட்டேன், அதோட பால் கண்ணுல பட்டா ஆபத்து. பிள்ளையார் சதுர்த்திக்கு மாலை கட்ட ஊர் ஓரத்துல ஒண்ணு இருந்தா போதும்.

"நம்ம மண்ணோட செடியைத்தான் வைக்கணும், நீ சொல்றது பாதி வெளிநாட்டுச் சரக்கு"ன்னு ஒரு கட்சி இருக்கு. மதிக்கிறேன். நித்தியகல்யாணி மடகாஸ்கர், காகிதப்பூ தென் அமெரிக்கா, உண்மை. ஆனா வீட்டுப் பாத்திக்கு நான் பார்க்கிறது பூர்வீகத்தை இல்ல, வேலி தாண்டுற குணத்தை. உண்ணிச்செடி தெரியும்ல? அழகுக்குன்னு கொண்டு வந்ததுதான். இன்னிக்கு முதுமலையிலயும் சத்தியமங்கலத்துலயும் காட்டுக்குள்ள புகுந்து யானைக்குப் புல் முளைக்க இடம் இல்லாம பண்ணி வெச்சிருக்கு. வேலிகாத்தான் கதை சொல்லவே வேணாம். ரெண்டும் உப்பு தாங்கும், வறட்சி தாங்கும், நான் சொன்ன எல்லாச் சோதனையிலயும் நூத்துக்கு நூறு வாங்கும். ஆனா வாசல்ல வெச்சா பத்து வருஷத்துல வாசல் இருக்காது. காகிதப்பூ நம்ம ஊர்ல வெட்டிக் குச்சியை ஊனினாத்தான் அடுத்த செடி. நித்தியகல்யாணி விதை விழுந்து முளைக்கும், ஆனா நிழல் வந்தா ஒதுங்கிடும், கையால பிடுங்கிடலாம். இந்த வித்தியாசம் எனக்குப் போதும்.

சுத்தமா நம்ம ஊர்ச் செடிதான் வேணும்னா, அதுக்கும் ஆள் இருக்கு. அடும்பு. கடற்கரை மணல்ல ஆட்டுக்குளம்பு மாதிரி இலையோட, ஊதா கலர்ல புனல் பூ வெச்சுப் படருமே, அதேதான். கபிலர் குறிஞ்சிப்பாட்டுல அடுக்கின பூக்கள்ல இதுவும் ஒண்ணு. பாத்திக்குள்ள அடங்காது, வீட்டுக்குக் கடல் பக்கமா விட்டுடணும். மணலைப் பிடிச்சு வெக்கும், அதுக்குப் பின்னாடி நீங்க வெக்கிற செடி மேல மணல் வந்து மூடாது. 2004 சுனாமிக்கு அப்புறம் கரையோரமா சவுக்கு நிறைய நட்டாங்க. சவுக்கு காத்தைத் தடுக்கும், சரிதான், ஆனா அடியில மெத்தை மாதிரி உதிர்ற சருகுக்குள்ள அடும்பு மாதிரிக் கொடிக்கு இடம் கிடைக்கிறதில்ல. மணலைப் பிடிக்கிற வேலைக்கு அடும்பையும் ராவணன் மீசையையும் விட்டு வெச்சிருக்கலாம்னு எனக்கு ஒரு எண்ணம். அப்புறம் பூவரசு. மரமா விடாம வருஷா வருஷம் வெட்டினா வேலிச்செடியா நிக்கும். காலையில மஞ்சளாப் பூத்து, போகப் போகச் செவக்கும். இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதின தலைமுறைக்கு இதுக்கு மேல சிபாரிசு வேணாம்னு நினைக்கிறேன்.

இட்லிப்பூ பத்திக் கேப்பீங்க. மத்த இடத்துல நல்ல செடி. ஆனா இந்த மண்ணுல கிளிஞ்சல் ஜாஸ்தி. பழவேற்காடு பக்கம் சுண்ணாம்புக்கே கிளிஞ்சல் எடுத்தவங்க. சுண்ணாம்பு மண்ணுல இட்லிப்பூவுக்கு இரும்புச்சத்து ஏறாது. நரம்பு பச்சையா, மத்ததெல்லாம் மஞ்சளா, சோகையா நிக்கும். உரம் போட்டு உரம் போட்டு ஓய்ஞ்சு போவீங்க. விடுங்க. செம்பருத்தி ஓரளவு தாங்கும், ஆனா மாவுப்பூச்சியும் வரும், ஆடும் வரும்.

"அப்போ தலைக்கு வைக்க பூ?"ன்னு அக்கா கேட்டா. நியாயமான கேள்வி. நித்தியகல்யாணியைத் தலையில வைக்க முடியாது, காகிதப்பூவை வெச்சா சிரிப்பாங்க. இதுக்கு என் பதில் கறார் இல்ல. ஒரு தொட்டி மல்லி, ஒரு தொட்டி கனகாம்பரம். தொட்டியிலதான், மணல்ல இல்ல. தொட்டிக்கு செம்மண்ணும் ஆட்டெருவும். அரிசி கழுவின தண்ணி, காய் கழுவின தண்ணி அந்த ரெண்டுக்கு மட்டும். மீதிப் பாத்தி மொத்தமும் தானே பொழைச்சுக்கிற ஜாதி. இந்தப் பங்கீட்டுல அக்காவுக்கு ஒரு குடம் கூட அதிகமாத் தூக்க வேண்டியதில்ல. கனகாம்பரத்தைத் தொட்டியோட சுவரோரம், மத்தியான நிழல் விழுற இடத்துல வெச்சிருக்கா, நல்லாத்தான் பூக்குது.

நடுறவங்களுக்குச் சில விஷயம். சித்திரையில செடி வாங்காதீங்க, நர்சரிக்காரர் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும். நம்ம பக்கம் மழை ஐப்பசி கார்த்திகையில. புரட்டாசி கடைசியில நட்டுட்டீங்கன்னா வேர் பிடிக்கிற வேலையை வடகிழக்குப் பருவமழை பார்த்துக்கும். சென்னைச் சுற்றுவட்டார நர்சரிகளுக்கு வர்ற செடியில நிறைய ஆந்திராவுல ராஜமுந்திரி பக்கத்துக் கடியத்துலேர்ந்து வருது. பெரும்பாலும் வேரைச் சுத்தி களிமண் உருண்டை இருக்கும். அதை அப்படியே மணல்ல புதைச்சா ஊத்துற தண்ணி உருண்டைக்குள்ள போகாம சுத்தி இருக்கிற மணல் வழியா இறங்கிடும். மேல ஈரம் தெரியும், உள்ள வேர் காயும். நட்டு பத்து நாள்ல செடி செத்துப் போறதுக்குப் பாதி காரணம் இதுதான். அரை மணி நேரம் வாளித் தண்ணியில ஊற வெச்சு, உருண்டையை விரலால லேசா உதிர்த்துட்டு நடுங்க. குழியோட அடியில ரெண்டு தேங்காய் மட்டையை நார்ப்பக்கம் மேல இருக்கிற மாதிரி போட்டா அது ஸ்பாஞ்ச் மாதிரி ஈரம் பிடிக்கும். மீன் கழுவின தண்ணி ஊத்தலாம், நல்ல தண்ணியில கழுவியிருந்தா மட்டும். எந்தத் தண்ணி ஊத்தினாலும் வேருக்கு ஊத்துங்க, இலை மேல தெளிக்காதீங்க. தண்ணி ஆவியாகும், உப்பு இலையிலயே தங்கிடும். புயல் காத்து அடிச்சு ஓய்ஞ்ச மறுநாள் மட்டும் விதிவிலக்கு. அன்னிக்கு ஒரு மக் நல்ல தண்ணியால இலையைக் கழுவி விட்டா, படிஞ்ச உப்பு போயிடும்.

சொல்ல மறந்துட்டேன், குச்சி, விதை எதுக்கும் காசு கொடுக்க வேண்டாம். சங்கங்குப்பி, காகிதப்பூ ரெண்டுமே பென்சில் தடிமன் குச்சியில வரும். நித்தியகல்யாணி விதை அக்கா வீட்டுல காய்ஞ்ச காயோட ஒரு டப்பா நிறைய இருக்கு, இப்போ அத்தைதான் சேர்த்து வெக்கிறாங்க. பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் இருக்கிற பதிவர்கள் புரட்டாசிக்குள்ள ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா கொண்டு வந்து தர்றேன். உங்க ஊர்ல இந்தச் செடிக்கு வேற என்ன பேர்னும் சொல்லிட்டுப் போங்க. கல்லறைப்பூ, சுடுகாட்டு மல்லி ரெண்டைத் தவிர.

பி.கு.: அரளியை வெட்டின குச்சியை அடுப்புலயோ, குளிர் காயவோ எரிக்காதீங்க. அந்தப் புகையும் விஷம்தான். குழி தோண்டிப் புதைச்சுடுங்க, ஆடு கிளறாத ஆழத்துல.